அடைக்கலமாய் வந்த முகவரிகள்

சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றொரு பகுதி உண்டு. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். பின்னர் நிகழ்ந்த கொடுமையில் மாதரிக்கு யாதொரு பங்கும் இல்லை. ஆயினும் தன்னை நம்பி வந்த அடைக்கலத்தை இழந்தேன் என்று வருந்தி அவள் தீயிற் புகுந்தாள் என்றும், கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தார் என்றும் வஞ்சிக் காண்டம் நமக்குச் சொல்கிறது. ஒருவர் நம்பிக் கொடுத்ததைக் காப்பது எத்துணைப் பெரிய பொறுப்பு என்பதை இதனினும் அழுத்தமாகச் சொல்ல இயலாது. இஸ்லாமியத் தமிழர் இல்லங்களில் இதே பொறுப்பைக் குறிக்க ‘அமானிதம்’ என்னும் சொல் வழங்குகிறது. அமானிதமாக வந்த பொருள் கையில் இருக்கலாம். ஆனால் அது நமக்கு உரியதன்று. அதை எடுத்துச் செலவிடவும், பிறர்க்கு ஈயவும் நமக்கு உரிமை இல்லை.

பொன்னும் பணமும் மட்டுமே அடைக்கலப் பொருள்கள் என்று நாம் எண்ணி வந்திருக்கிறோம். ஒருவருடைய பெயர், வீட்டு முகவரி, தொலைப்பேசி எண், பிறந்த நாள் ஆகியவையும் அவ்வரிசையில் வைக்கத்தக்கவை என்பதை அண்மைக் காலம் நமக்கு உணர்த்தியிருக்கிறது. அதைப் பற்றியே இக்கட்டுரையில் என் பட்டறிவைக் கொண்டு சில கருத்துகளை மாணவர்முன் வைக்க விழைகிறேன்.

சங்கமும் கையேடும்

நான் செஞ்சியில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கணக்காயர் என ஒவ்வொரு தொழிலாருக்கும் சங்கம் இருப்பது இயல்பு. தனியொருவர் கேட்டுப் பெற முடியாததைச் சங்கம் கேட்டுப் பெற்றுத் தரும். ஒருவர் வீட்டில் துன்பம் நேர்ந்தால் மற்றவர் ஓடி வருவர். இதற்கெல்லாம் உறுப்பினர் பட்டியல் இன்றியமையாதது. ஆகவே சந்தாப் படிவத்தில் கேட்கப்படும் வினாக்களுக்கு நாம் தயங்காமல் விடை எழுதுகிறோம். பெயர், கல்வித் தகுதி, பணிபுரியும் இடம், பிறந்த தேதி, ஓய்வு பெறும் தேதி, இல்ல முகவரி, குருதி வகை, தொலைப்பேசி எண் அனைத்தையும் தருகிறோம். வழியில் நின்று ஓர் அயலார் கேட்டால் இவற்றுள் பாதியைக்கூடச் சொல்ல மாட்டோம். சங்கம் கேட்பதால் சொல்கிறோம்.

நான் உறுப்பினனாக உள்ள சங்கம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் தன் ஆண்டு நிறைவையொட்டி மலரும் உறுப்பினர் கையேடும் வெளியிட்டது. அழகிய அட்டை, நேர்த்தியான அச்சு. அக்கையேட்டில் என் தந்தையார் பெயரின் முதலெழுத்து மட்டும் பிழைபட்டு, ‘எம்.’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘என்.’ என்று அச்சாகியிருந்தது. அச்சகத்தில் நேரும் பிழைதானே என்று அதனைப் பொருட்படுத்தாமல் விட்டேன்.

கையேடு வெளிவந்து சில வாரங்களில் தொலைப்பேசி அழைப்புகள் தொடங்கின. வந்தவாசிச் சாலையில் வீட்டுமனை இருக்கிறது, திண்டிவனம் பக்கம் மனைப்பிரிவு இருக்கிறது என்றனர். பணிக்கொடையை முதலீடு செய்யத் திட்டம் இருக்கிறது என்றனர். முதியோர்க்கு மருத்துவக் காப்பீடு என்றனர். அழைத்தவர் யாவரும் என்னை ‘என்.’ என்னும் முதலெழுத்துடனேயே விளித்தனர். என் பள்ளிச் சான்றிதழிலோ, குடும்ப அட்டையிலோ, வங்கிக் கணக்கிலோ அப்பிழை இல்லை. உலகில் ஒரே ஓர் ஏட்டில்தான் அது இருக்கிறது. ஆகவே என் பெயர் எந்த வாயில் வழியாக வெளியேறியது என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை.

பொருளாளரிடம் கேட்டேன். அவர் நேர்மையானவர்; எதையும் மறைக்கவில்லை. “சார், நாம் யாருக்கும் விற்கவில்லையே! மலருக்கு முழுப்பக்க விளம்பரம் தந்தவர் பட்டியலைக் கணினிக் கோப்பாகக் கேட்டார். காகிதச் செலவும் அச்சுக் கூலியும் ஏறிக் கிடக்கும்போது விளம்பரம் தந்தவரை எப்படி மறுப்பது? உறுப்பினர்களுக்கும் நல்ல சலுகை கிடைக்குமே என்று கொடுத்தோம்” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கொடுப்பதற்கு அது நம்முடைய பொருளா என்னும் வினா அந்தச் செயற்குழுவில் எழவே இல்லை.

இல்லாதவரைத் தேடும் அழைப்பு

எனக்கு நேர்ந்தது தொல்லை மட்டுமே. தொலைப்பேசியை வைத்துவிட்டால் அது முடிந்துவிடும். ஆனால் என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் வீட்டில் நிகழ்ந்தது அத்தகையதன்று. அவர் பணியில் இருக்கும்போதே மாரடைப்பால் காலமானார். கையேட்டில் அவர் பெயர் நீக்கப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, அவர் ஓய்வு பெற்றிருக்க வேண்டிய மாதத்தில், அவருடைய வீட்டுத் தொலைப்பேசி ஓயாது ஒலித்தது. ஓய்வு பெறுவதற்கு வாழ்த்துச் சொன்னவர்களும், கைக்கு வரும் பணத்தை எங்கே போடலாம் என்று வழிகாட்ட முன்வந்தவர்களும் பலர்.

ஒரு மாலை அவருடைய துணைவியாரைக் கண்டு நலம் கேட்கச் சென்றிருந்தேன். “ஐயா, அவர் இருந்திருந்தால் இந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருப்பார். அது எனக்கும் அந்தக் கம்பெனிக்காரர்களுக்கும் மட்டும்தான் நினைவிருக்கிறது போலும். அவர் இல்லை என்று இன்னும் எத்தனை பேரிடம்தான் சொல்வது?” என்றார். நான் விடை சொல்ல இயலாமல் தலைகுனிந்து இருந்தேன். முகவரிப் பட்டியல் என்பது வெறும் எழுத்துகளின் அடுக்கு அன்று, அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு வீடு இருக்கிறது என்பதை அன்று நான் தெளிவாக அறிந்தேன்.

ஏன் இந்த வேட்கை?

நம் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை அறியாதார் இல்லை. உழவர் தம் நெல்லையும் மணிலாவையும் அங்குக் கொண்டுவந்து இறக்குவர். வணிகர் விலை குறிப்பர். விலை ஒத்துவரவில்லை எனில் உழவர் தம் மூட்டையைக் கொடுக்க மறுக்கலாம். பொருளுக்கு உரியவர் அங்கேயே இருக்கிறார். விலை அவருக்குத் தெரிகிறது. மறுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. பட்டியல் கைமாறும் சந்தையில் இம்மூன்றும் இல்லை. பொருளுக்கு உரியவர் அங்கு இல்லை. விலை அவருக்குத் தெரியாது. மறுக்க அவருக்கு வாய்ப்பும் இல்லை.

தொழில்சார் சங்கத்தின் பட்டியலை வணிகர் விரும்புவதற்குக் காரணம் தெளிவானது. ஊர்த் தொலைப்பேசி நூலில் ஆயிரம் பெயர் இருந்தாலும் யார் எவர் என்று தெரியாது. சங்கப் பட்டியலிலோ தொழில் தெரியும், அதைக் கொண்டு வருவாயை மதிப்பிடலாம், வயது தெரியும், பெருந்தொகை கைக்கு வரும் மாதமும் தெரியும். மேலும், சங்கத்தின் பெயரைச் சொல்லி அழைத்தால் உறுப்பினர் காது கொடுத்துக் கேட்பார். உண்மையில் வணிகர் பெறுவது எண்கள் மட்டுமல்ல. சங்கம் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்த நம்பிக்கையையும் சேர்த்தே பெறுகிறார். அந்நம்பிக்கை நேர்மையற்றவர் கையில் சிக்கினால் முதியோர் ஏமாற்றப்படுவதற்கும் அதுவே வழியாகும்.

கடல் கடந்த எடுத்துக்காட்டுகள்

இஃது ஒரு சிற்றூர்ச் சங்கத்தின் கதை மட்டுமன்று. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1906ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு மருத்துவர்களைப் பற்றிய முதன்மைப் பதிவேடு ஒன்றைப் பேணி வருகிறது. கல்வியையும் தகுதியையும் சரிபார்க்கப் பயன்படும் அப்பதிவேட்டின் விவரங்கள் கட்டணத்திற்கு வணிக நிறுவனங்களுக்கும் வழங்கப்பட்டன. மருந்துக்கடைகளிலிருந்து திரட்டப்பட்ட மருந்துச்சீட்டு விவரங்களை இவற்றுடன் இணைத்தபோது, எந்த மருத்துவர் எந்த மருந்தை எவ்வளவு எழுதுகிறார் என்பது மருந்து நிறுவனங்களுக்குத் தெரியலாயிற்று. விற்பனைப் பிரதிநிதி மருத்துவரின் அறைக்குள் நுழையும்போதே அவருடைய எழுதுகோலின் போக்கை அறிந்தவராக நுழைந்தார்.

எதிர்ப்பு எழவே, விரும்பாத மருத்துவர் தம் மருந்துச்சீட்டு விவரங்கள் விற்பனைப் பிரதிநிதிகளுக்குச் சேராதவாறு தடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அச்சங்கம் 2006இல் செய்தது. வெர்மான்ட் மாநிலம் 2007இல் ஒரு சட்டம் இயற்றி, மருத்துவரின் இசைவு இல்லாமல் அவ்விவரங்களை விற்பனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்றது. ஆனால் 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அச்சட்டம் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்துகிறது என்று கூறி, ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் அதனைச் செல்லாததாக்கியது.

நெதர்லாந்து நாட்டில் நடந்தது வேறு. அங்குள்ள அரச டென்னிசு சங்கம் 2018இல் தன் உறுப்பினர் விவரங்களைத் தன் புரவலர் இருவருக்குக் கட்டணத்திற்கு வழங்கியது. ஒருவர் விளையாட்டுப் பொருள் விற்பவர். மற்றவர் பரிசுச்சீட்டு நடத்துபவர். உறுப்பினர் பலர் முறையிட்டனர். அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் சங்கத்திற்கு 5,25,000 யூரோ அபராதம் விதித்தது. வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்வரை சென்றது. 2024 அக்டோபர் 4ஆம் நாள் அந்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நடுநிலையானது. வணிக நலமும் சட்டம் ஏற்கும் நலமாக இருக்கலாம் என்றது. ஆனால் அந்நலத்திற்கு அவ்வாறு விவரங்களைத் தருவது கண்டிப்பாகத் தேவையா என்று பார்க்க வேண்டும் என்றது. உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, “உங்கள் விவரங்களைத் தரலாமா?” என்று கேட்டிருக்க இயலுமே என்றும் சுட்டிக்காட்டியது. பந்தாடச் சேர்ந்தவர், தம் எண் பரிசுச்சீட்டுக்காரரிடம் போகும் என்று எதிர்பார்த்திருப்பாரா என்னும் வினாவையும் எழுப்பியது. தீர்ப்பின் சாரம் எளியது: கேட்டால் போதும், கேட்காமல் கொடுத்ததே குறை.

நம் நாட்டின் சட்டங்கள்

நம் நாட்டில் இச்சிக்கலை முதலில் தொலைப்பேசித் தொல்லையாகவே நோக்கினர். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007இல் ‘அழைக்க வேண்டாதார்’ பதிவேட்டை ஏற்படுத்தியது. பின்னர் 2010இலும் 2018இலும் விதிகள் வலுவாக்கப்பட்டன. 1909 என்னும் எண்ணுக்கு அழைத்தோ குறுஞ்செய்தி அனுப்பியோ விளம்பர அழைப்புகள் வேண்டா என்று பதிவு செய்து கொள்ளலாம். விளம்பர அழைப்புக்கென 140 எனத் தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டன. ஆயினும் சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து அழைப்போரை இந்த வேலி முழுதும் தடுத்துவிடவில்லை. மேலும், இவ்விதிகள் அழைப்பவரை நோக்கியவை. பட்டியலைக் கொடுத்தவரை நோக்கியவை அல்ல.

2017 ஆகஸ்டு 24ஆம் நாள், ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் வழியில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வருவதற்கு அவ்விதிகள் பதினெட்டு மாதக் காலம் அளித்துள்ளன.

அச்சட்டத்தில் நம் சங்கங்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை சில. உறுப்பினரின் இசைவைப் பெறும்போது அது கட்டாயமின்றி, இன்ன காரியத்திற்கு என்று குறிப்பிட்டு, விளங்கும்படி பெறப்பட வேண்டும். அதற்கான அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள தமிழ் முதலிய மொழிகளிலோ படிக்க வாய்ப்பளிக்க வேண்டும். இசைவு தருவது எவ்வளவு எளிதோ, அதை மீளப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். தரவைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. தாளில் மட்டும் இருக்கும் பட்டியலுக்கு இச்சட்டம் பொருந்தாது. அதே பட்டியலைக் கணினியில் ஏற்றினால் பொருந்தும்.

மறுப்புகளும் விடைகளும்

நான் இதைப் பேசும்போதெல்லாம் மூன்று மறுப்புகளைக் கேட்டிருக்கிறேன். அவற்றை எளிதில் தள்ளிவிட இயலாது.

முதலாவது, எல்லார் எண்ணும் ஏற்கெனவே எல்லாரிடமும் இருக்கிறது, இனி மறைத்து என்ன பயன் என்பது. ஊரில் பல வீடுகளில் திருட்டு நடந்துவிட்டது என்பதற்காக நம்மிடம் ஒப்படைத்த பெட்டியைத் திறந்து வைக்கலாமா? பிறர் கைவிட்ட பொறுப்பு நம் பொறுப்பைக் குறைப்பதில்லை.

இரண்டாவது, சங்கத்திற்குப் பணம் வேண்டும் என்பது. இஃது உண்மை. சந்தாவை உயர்த்தினால் உறுப்பினர் முகம் சுளிக்கின்றனர். விளம்பரம் இல்லாமல் மலர் இல்லை. ஆனால் விளம்பரம் தருபவர்க்கு மலரில் பக்கம் தருகிறோம். விழா மேடையில் பெயர் சொல்கிறோம். அது திறந்த வாணிகம். விரும்புவோர் பார்த்து அவரை நாடிச் செல்வர். உறுப்பினரை அவர் தேடி வருவது வேறு. உறுப்பினர் அவரைத் தேடிச் செல்வது வேறு. முன்னதற்கு உறுப்பினரின் இசைவு வேண்டும்.

மூன்றாவது, உறுப்பினர்களுக்கு நன்மைதானே கிடைக்கிறது என்பது. நன்மை எனில் அதைச் சங்கமே தன் சுற்றறிக்கையில் தெரிவிக்கலாம். “இன்ன நிறுவனம் இன்ன சலுகை தருகிறது, வேண்டுவோர் அணுகுக” என்று இரண்டு வரி எழுதினால் போதும். சலுகையும் கிடைக்கும், பட்டியலும் வெளியே போகாது.

எங்கள் பொதுக்குழு

இவ்வாறெல்லாம் எண்ணியபின், எங்கள் சங்கப் பொதுக்குழுவில் இப்பொருளை முன்வைத்தேன். அவ்வாண்டு மலருக்கும் ஒரு புரவலர் முன்வந்திருந்தார். அவர் கேட்ட விலை, புதுப்பித்த உறுப்பினர் பட்டியல். அதை மறுத்தால் மலரின் செலவில் பெரும்பகுதிக்கு வேறு வழி காண வேண்டும். அவையில் கருத்து வேறுபட்டது. “ஒரு தொலைப்பேசி அழைப்புக்கு இவ்வளவு ஆரவாரமா?” என்றார் ஒருவர். மறைந்த நண்பரின் துணைவியார் சொன்னதை, அவருடைய ஒப்புதல் பெற்று, பெயர் குறிப்பிடாமல் அவையில் சொன்னேன். அவையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், முன்பு பட்டியலைக் கொடுத்த அதே பொருளாளர் எழுந்து, “புரவலர் வேண்டா, மலரின் பக்கங்களைக் குறைத்துக்கொள்வோம்” என்றார். தீர்மானம் நிறைவேறியது. ஆயினும் கணிசமானோர் எதிர்த்து வாக்களித்தனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவ்வாண்டு மலர் மெலிந்தே வந்தது. குறைபட்டுக் கொண்டோரும் உண்டு.

அன்று எடுத்த முடிவுகள் பிற சங்கங்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்குத் தருகிறேன். படிவத்தில் சங்கப் பணிக்குத் தேவையானவற்றை மட்டுமே கேட்பது. கையேட்டில் எதை அச்சிடலாம், எதை அச்சிடலாகாது என்பதை உறுப்பினரே குறிப்பது. வெளியார்க்குத் தருவதற்குத் தனி இசைவு கேட்பது, பதில் சொல்லாமல் இருப்பதை இசைவாகக் கொள்ளாமை. மறைந்தோர் பெயரை உடனே நீக்குவது. பட்டியல் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பொதுக்குழுவில் அறிவிப்பது. இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும். எனினும் முன்னரே வெளியே சென்ற பட்டியலைத் திரும்பப் பெற எந்தத் தீர்மானத்தாலும் இயலவில்லை. ‘என்.’ என்னும் முதலெழுத்துடன் எனக்கு இன்றும் அழைப்புகள் வருகின்றன.

மாணவர்க்கு ஒரு சொல்

2025 சூலையில் நம் செஞ்சிக் கோட்டை, மராட்டியப் படையரண்கள் பன்னிரண்டனுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அவற்றுள் தமிழகத்தில் இருப்பது இஃது ஒன்றே. பட்டியலில் பெயர் ஏறுவது பெருமையாகவும் அமையும் என்பதற்கு அது சான்று. அக்கோட்டை 1690 முதல் 1698 வரை முகலாயப் படையின் நெடிய முற்றுகையைத் தாங்கியது. இராசகிரி உச்சிக்குச் செல்வோர் ஆழ்ந்த பிளவொன்றைப் பாலத்தின் வழியே கடந்தாக வேண்டும். எவ்வளவு உயர்ந்த மதிலாயினும், அத்தகைய பாலத்தையும் வாயிலையும் காத்து நின்ற சிலரை நம்பியே உள்ளிருந்தோர் உறங்கினர்.

அன்பு மாணவர்களே, நாளை நீங்கள் ஆசிரியராக, வழக்கறிஞராக, மருத்துவராக, வணிகராக விளங்குவீர்கள். சங்கங்களில் உறுப்பினராகச் சேர்வீர்கள். சிலர் செயலராகவும் பொருளாளராகவும் பொறுப்பேற்பீர்கள். இக்கல்லூரியின் முன்னாள் மாணவர் பட்டியலும் ஒரு நாள் உங்களுள் ஒருவர் கையில் இருக்கும். விளம்பரத்துடன் ஒருவர் வந்து, “அந்தக் கோப்பை மட்டும் அனுப்புங்கள், ஐயா” என்று இனிமையாகக் கேட்பார். அந்த நேரத்தில் சட்டப் பிரிவின் எண் உங்கள் நினைவுக்கு வராமல் போகலாம். “இதற்கு உரியவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்னும் விடை மட்டும் நினைவுக்கு வந்தால் போதும். அவ்விடையைச் சொல்லக் கற்பதும் கல்வியின் ஒரு பகுதியே.